எழுத்தால் உறவான ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சனி, ஞாயிறு மாலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். கடலூர்ப் பிள்ளைகளோடு கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், பாகூர் பக்கத்திலிருந்து புதுச்சேரிப் பிள்ளைகளும் பஸ் ஏறி வருகிறார்கள். சொற்களை எழுத்துக் கூட்டணிகளாகப் பிரித்துப் பொருளோடு கற்பிப்பது என் வழி. அதைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆங்கில எழுத்துகளைத் தமிழிலேயே எழுதுவதால் இரண்டு 'பி', இரண்டு 'டி' வந்து குழப்பும். போனில் பெயர் சொல்லும்போது நாம் செய்வதையே இங்கும் செய்கிறேன்: பாம்பே பி, பேப்பர் பி, டெல்லி டி, டைகர் டி.

ஒரே எழுத்துகள் உள்ள சொற்களைச் சேர்த்துப் படிப்பதால் என்ன பயன்? பழங்கள், விலங்குகள், தொழில்கள் என்று பொருள்வாரியாகப் படிப்பதுதானே முறை?

இரண்டும் முறைதான். நம் முன்னோர் இரண்டையும் வைத்திருந்தார்கள். சூடாமணி நிகண்டில் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரித் தொகுதிகள் உண்டு. அதே நூலின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது, எதுகை வரிசையில் அமைந்திருக்கிறது. இரண்டாம் எழுத்து ஒத்த சொற்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் இப்படித்தான் சொற்களை நெஞ்சில் ஏற்றினார்கள். அகர வரிசையில் தேடும் பழக்கத்தை வீரமாமுனிவரின் சதுரகராதி கொண்டுவந்தது 1732இல். ஆகவே எழுத்தைப் பிடித்துச் சொல்லைப் பிடிப்பது நமக்குப் புதிய வித்தை இல்லை.

ஒன்றை மட்டும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன். ஒரு வகுப்பில் எஸ் இனிஷியல் உள்ள பிள்ளைகள் ஏழு பேர் இருப்பார்கள். அதில் அண்ணன் தங்கை இருவர் இருக்கலாம்; மற்ற ஐவரின் அப்பாக்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இராது. சொற்களும் அப்படித்தான். ஒரே எழுத்துகளை வைத்திருப்பவற்றில் சில உடன்பிறந்தவை, சில வெறும் இனிஷியல் ஒற்றுமை. எது எது என்று விசாரித்து அறிவதில்தான் பொருள் மனத்தில் பதிகிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலும் அந்த விசாரணையையே காண்பீர்கள்.

கே, என் என்று தொடங்கும் சொற்களில் கே-யை ஏன் சொல்வதில்லை? சொல்லாத எழுத்தை எதற்கு எழுத வேண்டும்?

ஒரு காலத்தில் சொன்னார்கள். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', முழங்காலைக் குறிக்கும் 'நீ', முடிச்சைக் குறிக்கும் 'நாட்' எல்லாம் பழைய ஆங்கிலத்தில் 'க்ன' என்றே ஒலித்தன. ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டில் வாய் அந்தக் 'க்'கை விட்டுவிட்டது. அச்சு அதற்குள் எழுத்தை நிலைநிறுத்திவிட்டது. ஜெர்மானியர்கள் இன்றும் முழங்காலை 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்: முழங்கால், முடிச்சு, விரல் முட்டியாகிய 'நக்கிள்', கதவுக் குமிழாகிய 'நாப்', மாவு பிசைவதாகிய 'நீட்'. திரண்டோ மடங்கியோ நிற்பவற்றின் பெயர்களில் கே, என் அடிக்கடி சேர்ந்து வருகிறது. நமக்கு இந்த வேலையை 'மு' செய்கிறது: முட்டி, முடிச்சு, முண்டு, முழங்கால். இப்படி இரண்டு பத்தியாக எழுதிப் போட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்த கே-யை அதன் பிறகு மறப்பதில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். அறிதலைக் குறிக்கும் 'நோ' என்ற சொல்லின் கே, என்னும், நாம் வடமொழியிலிருந்து பெற்ற ஞானம் என்ற சொல்லின் முதலெழுத்தும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. வடமொழியில் அது 'ஜ்ஞா'. நாம் ஜ்-ஐ விட்டுவிட்டு ஞ-வை வைத்துக்கொண்டோம். ஆங்கிலேயர் கே-யை ஒலிக்காமல் விட்டார்கள். முழங்காலும் அதே போல. ஆஜானுபாகு என்கிறோமே, கை முழங்கால்வரை நீண்டவர், அதிலுள்ள 'ஜானு'வும் ஆங்கில 'நீ'யும் ஒரு தாய் மக்கள். இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று தன் கை எதுவரை எட்டுகிறது என்று அளந்து பார்த்தான்.

டபிள்யூ, ஆர் என்று தொடங்குபவையும் அப்படித்தானா?

அப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் இது. சுற்றிக் கட்டுவது 'ராப்'. துணியைப் பிழிவது 'ரிங்'. மணிக்கட்டு 'ரிஸ்ட்'. திருகுவது 'ரெஞ்ச்', மெக்கானிக் பெட்டியில் இருக்கும் கருவியும் அதுவே. மலர்வளையம் 'ரீத்'. மல்யுத்தம் 'ரெஸில்'. நெளிவது 'ரிகில்'. தோல் சுருக்கம் 'ரிங்கிள்'. எல்லாவற்றிலும் ஒரு முறுக்கு இருக்கிறது. வகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் கையை முறுக்கிக் காட்டச் சொல்வேன். ஈரத்துணி பிழிகிற அந்த அசைவு ஒன்றே எட்டுச் சொற்களுக்கும் போதும்.

தவறு என்ற பொருள் தரும் 'ராங்' இந்தக் கூட்டத்தில் ஏன் வந்தது என்று கேட்பார்கள். அதன் பழைய பொருள் வளைந்தது, கோணலானது. நாமும் 'அவன் போக்கே கோணல்' என்கிறோம். வளைந்த கழிக்கும் தவறான நடத்தைக்கும் இரண்டு மொழிகளும் ஒரே சொல்லை எடுத்திருக்கின்றன.

எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' மட்டும் முறுக்குக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. அதன் பழைய பொருள் கீறுவது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய மரபில் வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஜி, எல் என்று தொடங்கினால் ஒளி என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

பாதி உண்மை. 'க்ளோ', 'க்ளீம்', 'க்ளிட்டர்', 'க்ளிம்மர்', 'க்ளின்ட்' எல்லாம் ஒளிர்தல், மின்னுதல், மினுங்குதல். கண்ணாடியாகிய 'க்ளாஸ்', மெருகாகிய 'க்ளாஸ்' (தமிழில் ஒன்றுபோல் எழுதினாலும் ஆங்கிலத்தில் முன்னதில் ஏ, பின்னதில் ஓ), கண் கூசும் ஒளியாகிய 'க்ளேர்' ஆகியவையும் இங்கே சேரும். மகிழ்ச்சியாகிய 'க்ளாட்' கூடப் பழைய ஆங்கிலத்தில் பளபளப்பானது என்ற பொருளில் வழங்கியது. 'முகம் மலர்ந்தது, பிரகாசமானது' என்று நாமும் சொல்கிறோம்.

ஆனால் கையுறையாகிய 'க்ளவ்', பசையாகிய 'க்ளூ' இரண்டிலும் ஒளி ஏதும் இல்லை. பசை லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இனிஷியல் ஒற்றுமை, அவ்வளவுதான்.

தமிழில் மின்னல், மிளிர்தல், மினுமினுப்பு, மின்மினி என்று 'மி' செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகையும் மிதியடியையும் யாரும் அதில் சேர்க்க மாட்டார்கள். எஸ், என் கூட்டத்துக்கும் நம்மிடம் ஜோடி உண்டு. தும்மல் 'ஸ்னீஸ்', குறட்டை 'ஸ்னோர்', மோப்பம் 'ஸ்னிஃப்', பன்றியின் நீண்ட மூக்கு 'ஸ்னவுட்' எல்லாம் மூக்கைச் சுற்றியவை; நம்மிடம் மூக்கு, மூச்சு, முகர்தல், மோப்பம். தும்மலுக்கான சொல் முதலில் எஃப், என் என்று தொடங்கியது. பிறகுதான் எஸ்ஸுக்கு மாறி மூக்குக் குடும்பத்தில் வந்து சேர்ந்தது. பாம்பும் பனியும் அதே எழுத்துகளில் தொடங்கினாலும் வெளியே நிற்பவை.

ஓ, யு, ஜி, எச் என்ற நான்கு எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கிறதே, இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

இல்லை. அதை ஒப்புக்கொண்டு தொடங்குவதுதான் நல்லது. ஆனாலும் என்பது 'தோ'. ஊடாக என்பது 'த்ரூ'. கடினம் 'டஃப்'. இருமல் 'காஃப்'. மரக்கிளை 'பௌ'. எண்ணம் 'தாட்'. ஆறிலும் நடுவிலோ கடைசியிலோ இந்த நான்கு எழுத்து. ஓசை ஆறு விதம்.

விதி இல்லாவிட்டாலும் காரணம் உண்டு. ஜி, எச் இரண்டும் சேர்ந்து ஒரு காலத்தில் தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலியைக் காட்டின. தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் ஆய்த எழுத்தை நினைவூட்டுவேன். எஃகு, அஃது என்று நிதானமாகச் சொல்லும்போது ஃ இருக்கும் இடத்தில் மூச்சு உரசுகிறதல்லவா, கிட்டத்தட்ட அது. இரவு, வெளிச்சம், எட்டு, மகள் என்ற பொருளுள்ள 'நைட்', 'லைட்', 'எய்ட்', 'டாட்டர்' எல்லாவற்றிலும் ஜி, எச் நிற்பது அதனால்தான். அந்த ஒலி ஆங்கிலத்திலிருந்து மறைந்தபோது சில சொற்களில் அடையாளமே இல்லாமல் போனது, சிலவற்றில் 'ஃப்' ஆகிவிட்டது.

இந்தக் கூட்டத்தை எழுதிப் படித்தால் போதாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். 'இருமல் கடினமாக இருந்தாலும் இரவு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தாள்' என்பது போல ஒரு வாக்கியம் அமைத்து, அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

சி, எச் சேர்ந்தால் 'ச'வா, 'ஷ'வா, 'க'வா?

மூன்றும். எந்த வழியில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது என்பதைப் பொறுத்தது. பழைய சொற்களிலும் வெகுகாலம் முன்பே பிரெஞ்சிலிருந்து வந்தவற்றிலும் 'ச்': 'சேர்', 'சர்ச்', தலைவராகிய 'சீஃப்'. பின்னால் பிரெஞ்சிலிருந்து வந்தவற்றில் 'ஷ்': 'மெஷின்', சமையல் தலைவராகிய 'ஷெஃப்'. கிரேக்க வழிச் சொற்களில் 'க்': 'ஸ்கூல்', 'கெமிஸ்ட்ரி', சேர்ந்து பாடும் 'கோரஸ்', எதிரொலியாகிய 'எக்கோ'. சீஃபும் ஷெஃபும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். ஆங்கிலம் அதை இரண்டு முறை, நூற்றாண்டுகள் இடைவெளியில் வாங்கியது.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தங்கள் ஊர்ப் பெயரே போதும். ஆங்கிலத்தில் அதைப் 'பாண்டிச்சேரி' என்று ச்-ஓடு படிக்கிறோம். பிரெஞ்சுக்காரர் அதே சி, எச்சைப் பார்த்து 'பொந்திஷெரி' என்கிறார். இருவரும் எழுத நினைத்தது ஒரே தமிழ்ச் 'சேரி'யைத்தான். 2006இல் ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் புதுச்சேரி என்று மாறியபோதும் அந்த சி, எச் இடம் மாறாமல் இருக்கிறது.

புதுச்சேரித் தெருப் பலகைகளைப் பார்த்துப் படித்தால் ஆங்கிலம் வருமா?

நேரடியாக வராது. ஆனால் ஆங்கிலத்தின் ஒரு பெரிய பகுதி ஏன் எழுத்தொன்று ஓசையொன்றாக இருக்கிறது என்பது அங்கே நடந்தாலே புரியும். பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் பேசாது. கடற்கரைக்கு இணையாக ஓடும் ட்யூமா வீதியின் பலகையில் கடைசி எஸ் இருக்கும், வாயில் வராது. 1735 முதல் 1741 வரை ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. சுஃப்ரேன் வீதியின் பெயருக்கும் கடலூருக்கும் தொடர்பு உண்டு. 1783இல் கடலூருக்கு அருகே கடலில் ஆங்கிலேயரோடு மோதிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் அவர். கடலூர்ப் பிள்ளைகளை அந்தப் பலகைக்குக் கீழே நிறுத்தி இதைச் சொல்வது எனக்கு ஒரு நிறைவு.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வாருங்கள். இ, டைகர் டி என்று முடியும் சொற்கள் இரண்டு கட்சியாகப் பிரியும். பூங்கொத்தாகிய 'பொக்கே', 'பஃபே', 'பேலே' ஆகியவற்றில் டி பேசாது. இவை பின்னால் வந்த பிரெஞ்சுச் சொற்கள். 'மார்க்கெட்', 'பாக்கெட்', 'பக்கெட்', 'டிக்கெட்' ஆகியவற்றில் டி நன்றாகப் பேசும். இவை ஆங்கிலத்தில் நெடுங்காலமாக ஊறியவை. டிக்கெட்டும் நன்னடத்தை முறையைக் குறிக்கும் 'எட்டிக்கெட்'டும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் இரு வடிவங்கள். ஒட்டி வைத்த சீட்டு என்பது மூலப்பொருள். கடலூர் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தரும் சீட்டுக்கு இப்படி ஒரு பரம்பரை இருக்கிறது.

க்யூ, யு, இ என்று முடிந்தால் 'க்' என்று நிறுத்துங்கள்: 'யுனீக்', 'ஆன்டீக்', 'டெக்னீக்', 'பொட்டீக்'. இதில் சிரமமே இல்லை.

என் மகள் பள்ளியில் பிரெஞ்சும் படிக்கிறாள். ஒரே எழுத்துள்ள சொல் இரண்டு மொழியிலும் வந்து அவளைக் குழப்புகிறது. என்ன செய்வது?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. ஒருமுறை பிள்ளைகளோடு ஒயிட் டவுனில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ரொட்டிக் கடை. கண்ணாடியில் பேப்பர் பி, ஏ, ஐ, என் என்று எழுதியிருந்தது. கடலூர்ப் பையன் நின்று, 'டீச்சர், வலி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்' என்றான். பக்கத்தில் நின்ற புதுச்சேரிப் பெண், 'அது ரொட்டி' என்று மூக்கொலியோடு 'பேங்' என்று படித்துக் காட்டினாள். இருவர் சொன்னதும் சரி.

வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தண்டனை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'பானிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒத்திருப்பது தற்செயல். ரொட்டிக்கான அந்த லத்தீன் சொல் ஆங்கிலத்தில் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது: சமையல் பொருள்களை வைக்கும் அறையாகிய 'பேன்ட்ரி', கூட ரொட்டி உண்பவர் என்ற பொருளில் பிறந்த 'கம்பேனியன்', 'கம்பெனி'. நம்மூரில் 'ஒரே இலையில் சாப்பிட்டவர்கள்' என்று நெருக்கத்தைச் சொல்கிறோமே, அதே எண்ணம்.

மகளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கிக் கொடுங்கள். நடுவில் சொல், இடப்பக்கம் ஆங்கிலப் பொருள், வலப்பக்கம் பிரெஞ்சுப் பொருள். அரட்டையும் பூனையும் ஒரே நான்கு எழுத்து. நாணயமும் மூலையும் ஒரே நான்கு எழுத்து. நான்கு என்ற எண்ணும் அடுப்பும், முதன்மையும் கையும் அப்படியே. பக்கம் நிறைய நிறைய அவளுக்குக் குழப்பம் குறைந்து ருசி வந்துவிடும்.

சி, ஏ, டி என்று தொடங்கும் சொற்களில் எல்லாம் பூனை இருக்கிறதா?

எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது இது. 'கேட்டமரான்', 'கேட்டலாக்', 'கேட்டகரி', 'கேட்டர்பில்லர்' என்ற நான்கையும் கரும்பலகையில் எழுதி எதில் பூனை என்று கேட்டேன். யாரும் கம்பளிப்பூச்சியைச் சொல்லவில்லை. உண்மையில் பூனை அங்கேதான் இருக்கிறது. கம்பளிப்பூச்சிக்கான ஆங்கிலச் சொல் 'மயிரடர்ந்த பூனை' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பட்டியலும் வகையும் கிரேக்கம். 'கட்டா' என்ற முன்னொட்டு அவற்றுக்குப் பொது.

கேட்டமரான் நம் கட்டுமரம். 1697இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையின் இந்த மரங்களைப் பெயரோடு குறிப்பிட்டார். வகுப்பைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஒருநாள் அழைத்துப் போனேன். ஃபைபர் படகுகளுக்கு நடுவே ஒரு பெரியவர் பழைய கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக உலரப் போட்டுக்கொண்டிருந்தார். 'தாத்தா, ஏன் பிரிக்கிறீர்கள்?' என்று ஒரு பெண் கேட்டாள். 'நனைந்த மரம் கனக்கும் கண்ணு, காய்ந்தால்தான் மிதக்கும். நாளைக்குத் திரும்பக் கட்டிவிடுவேன்' என்றார். கட்டு என்றால் என்ன, மரம் என்றால் என்ன என்று அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. கயிறும் கட்டும் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது.

நம் வீட்டிலிருந்து போன மற்றவற்றையும் எழுத்தோடு பாருங்கள். சுருட்டு ஆங்கிலத்தில் இரண்டு ஓ போட்டுக்கொண்டு 'ஷெரூட்' ஆனது. மிளகுத் தண்ணீர் இரண்டு எல்லோடு 'மல்லிகடானி' ஆனது. கஞ்சி, கறி, தேக்கு, மாங்காய் எல்லாம் அங்கே இருக்கின்றன. கடைசி இரண்டும் போர்த்துகீசியர் வழியாகப் போனவை.

கடனுக்கும் ஐயத்துக்கும் உரிய ஆங்கிலச் சொற்களில் பாம்பே பி எதற்கு?

கற்றவர்கள் பின்னால் செருகியது. 'டெட்', 'டவுட்' இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அவற்றில் பி இல்லை. பிரெஞ்சில் இன்றும் இல்லை. லத்தீன் மூலத்தில் பி இருப்பதைக் கண்டவர்கள், மூலம் தெரியட்டும் என்று ஆங்கிலத்திலும் எழுதிவிட்டார்கள். ரசீதாகிய 'ரிசீட்'டில் பேப்பர் பி வந்ததும் இப்படியே. தீவாகிய 'ஐலண்ட்'டில் உள்ள எஸ்ஸோ தவறான செருகல். அது பழைய ஆங்கிலச் சொந்தச் சொல். லத்தீன் வழிச் சொல் என்று தவறாக நினைத்து எஸ் சேர்த்தார்கள். தேர்வில் இந்த எழுத்துக்காக மதிப்பெண் இழந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். தவறு அவர்களுடைய காதில் இல்லை.

'சீட்' என்று ஒலித்து முடியும் சொற்களை எப்படி எழுதுவது?

இதற்குச் சுத்தமான விதி இருக்கிறது. எஸ் வருவது ஒரே ஒரு சொல்லில்: பழையதை விலக்கி அதன் இடத்தில் அமரும் 'சூப்பர்சீட்'. சி-யோடு இரண்டு இ சேர்ந்து வருவது மூன்றில்: மிஞ்சுவதாகிய 'எக்ஸீட்', தொடர்வதாகிய 'ப்ரொசீட்', வெற்றி பெறுவதாகிய 'சக்ஸீட்'. மற்றவற்றில் எல்லாம் சி, இ, டெல்லி டி, இ.

எல்லா உயிரெழுத்தும் வரும் சொல், உயிரெழுத்தே இல்லாத சொல் என்று புதிர்ப் பட்டியல்கள் வருகின்றன. அவற்றால் பயன் உண்டா?

விளையாட்டாக உண்டு. கல்வியாகிய 'எஜுகேஷன்' ஐந்து உயிரெழுத்தையும் ஒவ்வொரு முறை கொண்டது. உணவில் அளவோடு இருப்பதைக் குறிக்கும் 'அப்ஸ்டீமியஸ்' அந்த ஐந்தையும் ஏ, இ, ஐ, ஓ, யு என்ற வரிசை மாறாமல் கொண்டது. தாளமாகிய 'ரிதம்' ஐந்தில் ஒன்றும் இல்லாதது. கணக்கெழுதுபவராகிய 'புக்கீப்பர்' மூன்று இரட்டை எழுத்துகளை இடைவெளியின்றி வைத்திருக்கிறது. 'க்யூ' என்று நாம் நிற்கும் வரிசைக்கு ஐந்து எழுத்து. முதல் எழுத்து ஒன்றே அந்த ஓசைக்குப் போதும். அது பிரெஞ்சில் வாலைக் குறிக்கும் சொல். 'மலையாளம்' என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் இருபுறமும் ஒன்றாகப் படிக்கலாம், நம் விகடகவி போல.

சம்பந்தர் மாலைமாற்று பாடிய மொழியில் இந்த விளையாட்டைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் புதிர்ப் பட்டியலில் கண்ட சொல்லின் பொருளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. பொருளை எழுதாமல் அந்தச் சொல்லை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

ஆங்கிலத்தில் சிறு வாக்கியம் படிக்கத் தெரிந்ததும்.

வீட்டிலேயே செய்ய ஒரு வழி சொல்லுங்கள்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கூட்டணி. பக்கத்தின் மேலே எழுத்துகள், கீழே நடுவில் நீளமாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் உறவுச் சொற்கள், வலப்பக்கம் இனிஷியல் மட்டும் ஒத்தவை. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருள், பிள்ளை தானே அமைத்த ஒரு வாக்கியம். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஐம்பது சொல் பட்டியலை அச்சடித்து ஒட்டிவிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் வாரமே உதிர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்தப் பக்கம் என்று தெரியாத சொல்லை அகராதியில் தேடுங்கள். பெரிய ஆங்கில அகராதிகள் சொல்லின் வேரையும் தருகின்றன. அதுவரை அந்தச் சொல் கோட்டின் மேலேயே நிற்கட்டும்.

கடலூரின் ஆங்கில எழுத்து ஓ, ஆர், இ என்று முடிகிறது. வேலூர், நெல்லூர், மங்களூருக்கும் அப்படித்தானே?

ஆமாம். நம் 'ஊர்' ஆங்கிலேயர் கையில் அந்த மூன்று எழுத்தானது. கூடலூர் என்ற பழைய பெயரின் 'ட'வுக்கு இரண்டு டெல்லி டி, ஊருக்கு ஓ, ஆர், இ. தஞ்சாவூர், கோயம்புத்தூர், மைசூர் எல்லாவற்றின் ஆங்கில வடிவத்திலும் கடைசியில் ஊர் இருக்கிறது. பெங்களூர், மங்களூர், மைசூர் மூன்றும் அந்த இ-யை 2014இல் விட்டுவிட்டு யு-வுக்குத் திரும்பின.

இந்தப் பக்கத்தை வகுப்பில் போட்ட அன்று, அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு சிறுமி தன் நோட்டின் இடப்பக்கத்தில் சிங்கப்பூரையும் எழுதி எடுத்து வந்தாள். அதுவும் ஓ, ஆர், இ. அது சிங்கபுரம், அங்கே முடிவது புரம் என்று சொன்னேன். 'தமிழில் சிங்கப்பூர் என்றுதானே எழுதுகிறோம் டீச்சர், அதில் ஊர் கேட்கிறதே' என்றாள். கேட்கத்தான் செய்கிறது. அவள் அதை அழிக்கவில்லை; கோட்டின் மேல் எழுதிவிட்டு, பக்கத்தில் சிறியதாகப் 'புரம்' என்று குறித்துக்கொண்டாள்.